நகரமும் நன்றியும்

வென்றவன் கட்டிய வீதியில் நடப்பவன் வென்றவனுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டவனா? பண்டைய கோல் நாட்டின் வரலாற்றைப் பயில்வோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது.

கி.மு. 58இல் தொடங்கிய சீசரின் போர்களால் இன்றைய பிரான்சின் பெரும்பகுதி உரோமர் வசமாயிற்று. ஏதுவி என்னும் கோலியக் குலத்தார் அதுகாறும் பிப்ராக்தே மலையரணைத் தலைநகராகக் கொண்டிருந்தனர். அகஸ்தஸ் காலத்தில் அம்மலை படிப்படியாகக் கைவிடப்பட, சமவெளியிலே அகஸ்தோதுனும் எழுந்தது. இன்றைய ஒத்தூன் அதுவே. ஏறத்தாழ 6 கிலோமீற்றர் மதிலும், நேரிய வீதிகளும், கல்விக்கூடமும் அமைந்தன. நாகரிகம் வந்தது என நூல்கள் உரைப்பது இதனையே.

யாருக்கு வந்தது? அக்கல்விக்கூடத்திற் பயின்றோர் குலத்தலைவர்களின் மைந்தரே. உரோமர் குலங்களைக் கலைத்துவிடவில்லை. தலைவர்களைத் தம்மவராக்கிக் குலங்களையே ஆட்சிப் பிரிவுகளாக்கினர். பொதுக் குழாய் நீரில் ஏழையின் தாகமும் தீர்ந்திருக்கும். அதனை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தலைவனின் இசைவைக் குலத்தின் இசைவாகக் கணக்கிட்டு நன்றி கோருவது, கொடுத்தவனை விட்டு வாங்கியவனிடம் பற்றுச்சீட்டுக் கேட்பதை ஒத்தது.

கி.பி. 21இல் கிளர்ச்சி மூண்டது. ஓயாத வரி, கடும் வட்டி, ஆளுநர்களின் கொடுமை என்பனவே கிளர்ச்சியாளர் கூறிய குறைகளாகத் தசிற்றஸ் பதிந்தவை. தலைவருள் ஒருவனான ஏதுவிப் பிரபு யூலியஸ் சக்ரோவிர், உரோமக் குடியுரிமை பெற்ற குடும்பத்தவன். யூலியஸ் என்ற பெயரே அதற்குச் சான்று. அவன் அகஸ்தோதுனுமைக் கைப்பற்றி, ஆங்கு பயின்ற மாணவர் வாயிலாக அவர்தம் பெற்றோரைத் தன்பால் ஈர்க்க முயன்றான். திரண்டவர் 40,000 பேர். ஐந்திலொரு பங்கினரே முறையான ஆயுதம் ஏந்தினர், ஏனையோரிடம் வேட்டைக் கருவிகளே இருந்தன. இரும்புக் கவசத்தால் முற்றாக மூடப்பட்ட அடிமைகளும் அணியில் நின்றனர். அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்டிருப்பர் என நான் நம்பவில்லை. படை முறிந்தது, சக்ரோவிர் தற்கொலை செய்துகொண்டான்.

27 ஆண்டுகள் சென்றன. கி.பி. 48இல் கோலியப் பிரபுக்களைச் செனற் சபையிற் சேர்க்குமாறு பேரரசன் குளோடியஸ் வாதாடினான். அவ்வுரிமை முதலில் ஏதுவியருக்கே கிட்டியது. அவனது உரையின் பகுதிகள் பொறித்த வெண்கலத் தகடு 1528இல் லியோனிற் கிடைத்தது. கோலியர் நூறாண்டு தளராத விசுவாசம் காட்டினர் என்கிறது அது. சக்ரோவிரின் படையை எவ்வளவு இலகுவாக மறந்துவிட்டான்! விருந்துக்கு அழைக்கப்பட்ட பிரபுக்களும் அதனை நினைவூட்ட விரும்பியிரார்.

அதே நூற்றாண்டில், தென் கோலின் லா கிரோஃபசாங்கிற் குயவர்கள் உரோமப் பாணியிலான செந்நிறக் கலங்களை ஆயிரக்கணக்கிற் சுட்டு நெடுந்தூரச் சந்தைகளுக்கு அனுப்பினர். சூளைக் கணக்கைத் தட்டுகளிற் கீறி வைத்தனர். எழுத்து இலத்தீன்; எனினும் சூளைகளை எண்ணிய சொற்கள் கோலிய மொழியின. இன்ன குயவன் இன்ன கலம் இத்தனை வைத்தான் என்பதே அவற்றிலுள்ள செய்தி.