கொடுப்பதற்கு அவள் பொருளா?

மனைவியைக் கணவனே பிறனொருவனுக்கு மணமுடித்து வைக்க முன்வருவானாயின், அது அவளுக்கு அளிக்கும் விடுதலையா, அன்றி அவளைத் தன் உடைமையாக எண்ணியதன் கடைசி அடையாளமா? சென்ற ஞாயிறு இரவு தங்காக்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எழுந்த கேள்வி இது. எழுப்பியவன் நானல்லேன், என் இல்லாள்.

1954-ஆம் ஆண்டு வெளிவந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம். ஆர். ராதா மேடையில் நடித்துப் புகழ்பெற்ற நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு படமாக்கினர். பேச்சே அப்படத்தின் உயிர். மேல்நாட்டுப் படிப்புடன் திரும்பிய மோகனசுந்தரத்துக்குப் பழமை வழுவாத மனைவி சந்திரா கேலிப் பொருளாகிறாள். தாசி காந்தாவிடம் செல்வத்தை இழக்கிறான், தொழுநோயுற்றுத் துரத்தப்படுகிறான், முடிவில் சந்திராவை மணந்துகொள்ளும்படி நண்பன் பாலுவிடம் மன்றாடுகிறான்.

தொழுநோயை ஒழுக்கக்கேட்டின் கூலியாகக் காட்டியது படத்தின் பெருங்குறையே. அது கிருமியால் வருவதென்று ஹான்சன் 1873-இலேயே கண்டார். இன்று மருந்தால் குணமாகிறது. ஆயினும் படத்தை மட்டும் பழிப்பதற்கில்லை. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் அந்நோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்தது. அது நீங்கியது 2019-இல்தான்.

நிற்க. கல்லானாலும் கணவன் என்று ஓதிக்கொண்டிருந்த கூட்டத்தின் முன்னே, கணவன் உயிரோடிருக்கையிலேயே மனைவிக்கு மறுமணம் பேசியது பெருந்துணிவு என்றேன் நான்.

"துணிவுதாங்க. ஆனா கொடுக்கிறதுக்கு அந்தம்மா என்ன இவரோட சாமானா?" என்றாள்.

காலத்தை ஒட்டிப் பார்க்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். அவள் தமிழ்ப்பள்ளியில் பயின்றவள். வாதம் முற்றினால் ஆங்கிலத்துக்குத் தாவுவது என் பழக்கம். மோகனசுந்தரம் செய்வதும் அதுவே என்பது அப்போதுதான் உறைத்தது.

"போன வருஷம் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொன்னீங்களே, அது எந்தக் காலம்?"

ஊர்த் துணிக்கடையில் அவளுக்கு வேலை நிலைபெற்றிருந்த சமயம் அது. மாற்றல் பின்னர் நின்றுபோனது வேறு சங்கதி.

யோசித்துப் பார்க்கின், சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டமே இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை தந்திருந்தது. சந்திரா தானாகவே விலகிப் போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தால் கொட்டகையில் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அவளை ஏற்றிருப்பர்? கணவன் வாயால் வந்ததனாலன்றோ அந்த மறுமணம் தியாகமாயிற்று! ஆசிரியர் கூட்டத்தின் மனமறிந்து எழுதினார் எனலாம். ஆயினும் அவனது பேச்சு முழுவதும் நம் நினைவில் நிற்க, அவள் பேச்சு ஒன்றேனும் நிற்கிறதா? தன் வாழ்வைப் பற்றி அவள் சொல்லவேண்டியதையும் அவனே சொல்லி முடித்துவிடுகிறான். பெண்ணுரிமை பேசும் நம்மவர் பலரும் இந்த இடத்தில்தான் இடறுகிறோம்; நானும் இடறினேன்.

இவ்வாரம் மற்றொரு மாற்றல் கடிதம் வந்து மேசைமேல் கிடக்கிறது. கையெழுத்திடவில்லை. வரும் ஞாயிறு இருவருமாக அத்தோட்டத்தைப் பார்த்துவர எண்ணியிருக்கிறோம். அங்கே துணிக்கடை உண்டா என்று அவள் இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.