சொந்தக்காரர் வீடு இருக்கிறதே

தங்க இடமில்லை என்று பிள்ளைகுட்டிகளோடு வந்து நிற்பவரிடம் முதலில் கேட்கப்படுவது பெரும்பாலும் இதுதான்: "சொந்தக்காரங்க யாரும் இல்லையா?" கோலார் தங்கவயலில் இதற்கு இல்லை என்று சொல்லக்கூடியவர் அரிது. நான்கைந்து தலைமுறையாக, லைன் என்னும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் பிறந்து அடுத்த லைனில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் அது. மாரிக்குப்பத்தில் சித்தி இருப்பார், சாம்பியன் ரீஃபில் மாமா இருப்பார். மழையில் சுவர் இறங்கினால் அன்றிரவே யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். அந்தத் திறந்த கதவைக் காட்டி, "உங்களுக்குத்தான் இடம் இருக்கிறதே" என்று அரசு தன் கதவைச் சாத்திக்கொள்ளலாமா?

பணக்கார நாடான அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது. வீடற்ற குடும்பங்களைத் தங்கவைக்கும் சட்டக் கடமை நியூயார்க் நகரத்துக்கு உண்டு. ஆனாலும் புகலிடம் கேட்டு வரும் குடும்பம், முந்தைய இரண்டு ஆண்டுகள் எங்கெங்கே தங்கியது என்று கணக்குச் சொல்ல வேண்டும். அந்த முகவரிகளில் ஒன்றுக்குத் திரும்பிப் போகலாம் என்று விசாரிப்பவருக்குப் பட்டால் விண்ணப்பம் தள்ளப்படும். இடம் போதவில்லை என்று கதவைச் சாத்துவதும் உண்டு: 1983-இலேயே குடும்பங்களுக்குப் புகலிட உரிமை தந்த மாசசூசெட்ஸ் மாநிலம், 2023-இல் 7,500 குடும்பங்களுக்கு மேல் இடமில்லை என்று வரம்பு கட்டியது.

இப்படி மறுப்பவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. இருக்கும் கட்டில்கள் எண்ணி எடுக்கக்கூடியவை. உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவருக்கு ஒன்று போனால், பேருந்து நிலையத்தில் கைக்குழந்தையோடு படுத்திருப்பவளுக்கு அது கிடைக்காது. அவளுக்குத்தான் முதலில் தர வேண்டும். ஆனால் "உன் முறை பிறகுதான்" என்பது வேறு, "நீ வீடற்றவனே அல்ல" என்பது வேறு. பின்னதைச் சொல்லும்போது அந்தக் குடும்பம் கணக்கிலிருந்தே போய்விடுகிறது. கணக்கில் இல்லாதவர்களுக்காக எந்த நகரசபையும் கட்டடம் கட்டாது. பற்றாக்குறை அப்படியே நீடிக்கும்.

தங்கவயலின் கதை இந்தக் கணக்கின் கோளாறைத் தெளிவாகக் காட்டும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையைத் தொடங்கியபின், வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் தலித்துகள், கம்பெனி லைன்களில் குடியமர்ந்தார்கள். வேலையோடு வந்த வீடு, வேலைக்காரனுடையது அல்ல. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. வேலை போயிற்று, மனிதர்கள் அதே வீட்டில் இருந்தார்கள். விடியுமுன் ரயிலேறிப் பெங்களூரு போய் உழைத்து இரவில் திரும்புகிறவர்களுக்கு, அங்கே வாடகை கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும் சாதி கேட்காமல் வீடு கிடைப்பது கடினம். இங்கேயோ ஹக்குப் பத்திரம் எனும் வீட்டு உரிமைப் பத்திரம் பல ஆண்டுகள் கோரிக்கையாகவே நின்றது.

பத்துக்குப் பத்தடி என்று ஊரார் சொல்லும் அறையில் தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த நகர்ப்புற வீடற்றோர் புகலிடத் திட்டம், ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி வேண்டும் என்றது. அந்த அளவுகோலை வைத்தால் இந்த அறையில் இரண்டு பேர்தான் தங்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்போ திறந்தவெளியிலும் நடைபாதையிலும் கிடப்பவரைத்தான் வீடற்றவர் என்கிறது. அரசின் ஓர் ஏடு போதாது என்று சொல்லும் இடத்தை இன்னோர் ஏடு வீடு என்று எழுதிக்கொள்கிறது.

இதற்கு மேல் அடையாளக் காகிதமும் கேட்பார்கள். முகவரியே இல்லாதவருக்கு ஆதார் எப்படிக் கிடைக்கும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே கேட்டது.

இடம் கொடுக்கும் சித்தியின் நிலையையும் பார்க்க வேண்டும். ஆறு பேர் புழங்கிய அறையில் பத்துப் பேரை வைத்துக்கொள்வது அவர் மனமுவந்து செய்யும் உதவி. நாளை முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அந்த உதவியை அரசு தன் வரவில் எழுதிக்கொண்டால், "இனி வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று அவர் வாயால் சொல்லவைத்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குப் புகலிடம் கிடைக்கும். இல்லாத சண்டையை இருப்பதாகச் சொல்லவைக்கிற விதி அது. ஏமாற்றிக் கட்டில் பிடிக்கும் ஒருசிலரைத் தடுக்க இவ்வளவு கேடு தேவையில்லை. பிள்ளைகளோடு ஒரு கூடத்தின் மூலையில் படுக்க வீணாக ஆசைப்படுகிறவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

லட்சம் பேருக்கு ஒரு நிரந்தரப் புகலிடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய தங்கவயலுக்கும் அது பொருந்தும். அந்தப் புகலிடத்தில் ஆணையும் பெண்ணையும் பிரிக்காமல் குடும்பத்துக்கென்று தனி இடம் வேண்டும். வந்த அன்றிரவு உள்ளே விட்டுவிட்டு, விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளட்டும். உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களையும் நகரசபை வீடற்றோர் பட்டியலில் எழுதட்டும்.