ஏலி கேட்ட கேள்வி

மதுரைக் காளவாசலில் தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கின்றன. ஞாயிறு காலை அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டத்தில், வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இஸ்திரி போட்ட ஒரே நல்ல சட்டையோடு ஒரு ஹாஸ்டல் பையனாவது இருப்பான். உசிலம்பட்டிப் பக்கமோ ஆண்டிபட்டிப் பக்கமோ சொந்த ஊர். ஆராதனை முடிந்ததும் வாசலில் கொஞ்சம் தயங்கி நிற்பான். ஒரு பெரியவர் அன்பாகத்தான் கேட்பார்: "தம்பிக்கு எந்த ஊரு?" ஊரைச் சொல்வான். "அங்க யாரு மகன்?" அப்பா பெயரைச் சொல்வான். "ஊருக்குள்ள எந்தத் தெரு?" இந்த மூன்றாவது கேள்வியில் பையனின் முகம் மாறிவிடும். எதற்காகக் கேட்கிறார் என்று அவனுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு அவன் வர மாட்டான். சபைக் கமிட்டியில் மட்டும், "இந்தக் காலத்துப் பிள்ளைக கோயிலுக்கே வர்றதில்ல" என்ற வருத்தம் தவறாமல் பேசப்படும்.

இளையோரை வரவேற்பது பற்றிச் சபைகளில் பேச்சு எழும்போதெல்லாம் அது ஏற்பாடுகளைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. கீபோர்டு வாங்குவதா, வாலிபர் ஞாயிறை எப்போது வைப்பது, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு யார் பொறுப்பு. எதற்காக வரவேற்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பதில் தெரிந்ததுதானே என்ற நினைப்பு: பிள்ளைகள் வராவிட்டால் நாளைக்குச் சபை என்ன ஆகும்? அந்தக் கவலை உண்மையானது, அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் அந்தப் பதில் தவறு. சபை நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தோளில் போடும் கை பிள்ளைக்காகப் போட்ட கை ஆகாது. பிள்ளைகள் அதை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்த ஹாஸ்டல் பையனையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம் இருப்பான். சந்தா கட்ட மாட்டான், கமிட்டித் தேர்தலில் அவனுக்கு ஓட்டு இல்லை, அவன் கல்யாணமும் இங்கே நடக்கப் போவதில்லை. படிப்பு முடிந்தால் கோயமுத்தூரோ பெங்களூரோ துபாயோ போய்விடுவான். அவனுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரம்கூட இந்தச் சபைக்குத் திரும்பி வராது. மதுரை வட்டாரத்தில் மொய் நோட்டு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். செய்தவர் பெயரும் தொகையும் எழுதி வைக்கப்படும், செய்தது ஒருநாள் திரும்பி வரும். அதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. ஆனால் இளையோரை அரவணைப்பதை மொய்க் கணக்கில் சேர்த்தால், திருப்பிச் செய்ய முடியாத பிள்ளைக்கு நோட்டில் பக்கமே இருக்காது. அதனால்தான் போய்விடப் போகிற பிள்ளையிடம் ஒரு சபை எப்படி நடந்துகொள்கிறது என்பது முக்கியமாகிறது. தங்கப் போகிறவனிடம் பாசமாக இருப்பதில் லாபமும் கலந்திருக்கலாம் அல்லவா?

அந்த ஹாஸ்டல் பையனுக்குச் சபை பட்டிருக்கும் கடன் பழையது. தென்னிந்தியத் திருச்சபையின் ஞானஸ்நான முறைமையில், குழந்தையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரோடு கேள்வி முடிவதில்லை. கூடியிருக்கும் சபையாரிடமும் கேட்கப்படுகிறது. இந்தப் பிள்ளை விசுவாசத்தில் வளரும்படி நீங்களும் உண்மையாக நடப்பீர்களா என்ற பொருளில் கேள்வி வரும். ஆம் என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறார்கள். பல ஞாயிறுகளில் அது புகைப்படக்காரரின் வெளிச்சத்துக்கும் குழந்தையின் அழுகைக்கும் நடுவே முணுமுணுத்துவிட்டுப் போகும் ஒரு வரி. ஆனாலும் அது வாக்கு. அந்தப் பையனுக்கு வாக்குக் கொடுத்தது அவன் ஊர்ச் சபை, காளவாசல் பக்கத்துச் சபை அல்ல என்று சிலர் சொல்லலாம். ஒரே திருச்சபை என்று அறிக்கையிட்டு, 1947 செப்டம்பர் 27 அன்று ஒன்றாகச் சேர்ந்தவர்கள் அப்படிச் சொல்ல வழியில்லை. ஓர் ஊரில் கொடுத்த வாக்கு எல்லா ஊரிலும் செல்லும்.

பெரியவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டடத்துக்கு நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்கள் இன்னும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயர் மாறினாலும் கமிட்டி மாறினாலும், மழை பெய்தால் ஓடு ஒழுகும் இடத்தில் வாளி வைத்தவர்கள் அவர்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு நாற்பது பேர் வரும் வாலிபர் குழுவில், அறுப்பின் பண்டிகைக்கு மறுநாள் சேர் அடுக்க நான்கு பேர் வருவதில்லை. பணக் கணக்கைத் தெரியாத கையில் கொடுக்க அவர்கள் தயங்குவது பேராசை அல்ல, பொறுப்பு. புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. ஆனால் இந்த நியாயங்களுக்குள் இன்னொன்றும் ஒளிந்துகொள்கிறது. "கத்துக்கட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று இருபது வயதில் கேட்டவர் நாற்பத்தைந்திலும் அதையே கேட்கிறார். கற்றுக்கொடுக்கும் கடமையைக் காட்டியே நாற்காலியைக் காலி செய்யாமல் இருக்க முடியும். வழிகாட்டுதலுக்கும் காவலுக்கும் உள்ள வித்தியாசம் வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் பெரியவரின் மனசாட்சிக்குத் தெரியும்.

தமிழ்த் திருச்சபை வரலாற்றில், வழிகாட்டுதல் காவலாக மாறாததற்கு ஒரு பெரிய சான்று வே. சா. அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், உலகத்தின் மூத்த மிஷனரிகள் அமர்ந்திருந்த மன்றத்தில் அவர் பேசினார். உங்கள் தியாகங்களுக்கு நன்றி உண்டு, ஆனால் எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். உதவி கிடைத்தது, நட்பு கிடைக்கவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன பேச்சு அது. பலருக்கு அது உறைத்தது. கோபப்பட்டவர்களும் உண்டு. அதே காலத்தில் சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயர் அசரியாவுக்குத் துணையாக உறுதியாக நின்றார். 1912 டிசம்பரில் அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். மூத்தவர்களைக் குறை சொன்ன வாய்க்கு ஒரு மூத்தவர் துணை நின்றார் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

காளவாசலுக்குப் பக்கத்திலேயே, அரசரடியில், 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. 'பரட்டை' என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் பாடம் நடத்தினார். 2005இல் மறைந்தார். சாவு மேளம் என்று கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பறையையும், கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் கீழே வைத்துப் பார்க்கப்பட்ட கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர் அவர். முகம் சுளித்த சபைகளும் இருந்தன. ஆனால் தன் வீட்டுப் பாட்டும் தன் தெருவின் தாளமும் ஆண்டவர் சந்நிதியில் ஒலிப்பதைக் கேட்ட ஒரு கிராமத்து மாணவனுக்கு அது வெறும் இசை அல்ல. உன்னை மாற்றிக்கொண்டு வா என்று சொல்லாமல், நீயாகவே வா என்று சொன்ன அழைப்பு. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதை அவர் இறையியலாகவே பேசினார்.

உண்மையான நெருக்கம் வந்தபிறகுதான் கடினமான கேள்விகள் வரும். பிள்ளைகள் தாய் தகப்பனிடம் சொல்லாததை ஞாயிறு பள்ளி டீச்சரிடம் சொல்வார்கள். "டீச்சர், அம்மாகிட்ட சொல்லிறாதீங்க" என்று தொடங்கும் பேச்சு அது. சொல்லாமல் இருக்கலாமா? எல்லா ரகசியமும் ஒன்றல்ல. பதினான்கு வயதுப் பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தொல்லையைச் சொன்னால், அதை மூடி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். குற்றம் சாட்டப்படுபவர் சபையில் எவ்வளவு மதிப்பானவராக இருந்தாலும் இதுதான் நிலை. சபையின் பெயர் கெடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது முறை செய்யும் துரோகம். வளர்ந்தவர்கள் பிள்ளைகளோடு பழகுவது நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கைச் சிலர் அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். நல்லவரையும் சேர்த்துக் காக்கும் ஒழுங்கு அது.

இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, வேறு சாதிப் பையனை விரும்புவதாகச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் ஒரே சபையில் திருவிருந்து எடுப்பவர்கள். இங்கே டீச்சர் வாயைத் திறந்தால், இந்த வட்டாரத்தில் அது உயிர் வரைக்கும் போகலாம். அவளுடைய பெற்றோர் டீச்சருக்கு இருபது வருடப் பழக்கம். ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள், நாளைக்கு "தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டீங்களே" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வருத்தமும் பொய்யானதல்ல. ஆனாலும் தராசில் வைத்தால் பெண்ணின் பக்கமே தாழ்கிறது. அவள் வயது வந்தவள், அவள் வாழ்க்கை அவளுடையது. கேட்கும் இடத்தில் யோசனை சொல்லலாம், பொறுக்கச் சொல்லலாம், பெற்றோரோடு பேச உடன் வருவதாகச் சொல்லலாம். அவளைக் காட்டிக்கொடுக்க மட்டும் கூடாது. பழைய நட்பைப் பணயம் வைக்கத் தயங்குகிறவர் இளையோரை வழிநடத்தும் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே நல்லது.

கடினமானதைக் கேட்டுக்கொள்ளத் துணிந்த ஒரு பெரியவர் வேதத்திலும் உண்டு. சாமுவேலின் முதல் புத்தகத்தில் ஏலியின் கதை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். கண் மங்கிய ஆசாரியன். இரவில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று மூன்று முறை ஓடிவரும் சிறுவன். கூப்பிடுகிறவர் யார் என்று ஏலிக்குப் புரிகிறது, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்புகிறார். கதையை அதோடு நிறுத்திப் படம் வரையக் கொடுத்துவிடுவார்கள். மீதிதான் கனமானது. பிள்ளைக்கு வந்த செய்தி ஏலிக்கு விரோதமானது. மகன்களின் அக்கிரமத்தைத் தெரிந்தும் அடக்காத அவர் வீட்டின் மேல் வந்த தீர்ப்பு. விடிந்ததும் சாமுவேல் கதவுகளைத் திறக்கிறான், சொல்லப் பயப்படுகிறான். ஏலி அவனைக் கூப்பிட்டு, என்ன சொல்லப்பட்டது, எனக்கு ஒன்றையும் மறைக்காதே என்று கேட்கிறார். நல்ல செய்தியாக இருக்காது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தே கேட்டார். தகப்பனாகத் தோற்றுப்போன அந்த மனிதர் ஆசானாக அந்த ஒரு காலையில் நிமிர்ந்து நிற்கிறார். தனக்கு எதிரான வார்த்தையைச் சொல்லும் தைரியத்தையும் அவரே அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார்.

ஒரு சபைக் கமிட்டி வருடத்தில் ஒரு சாயங்காலம் இளையோரை உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்கலாம். எங்களிடம் என்ன குறை, மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் குறுக்கே பேசாமல், யார் வீட்டுப் பிள்ளை பேசுகிறது என்று பார்க்காமல், பதில் முடியும்வரை கேட்பது கமிட்டிக்காரர்களுக்கு எளிதாக இருக்காது. பட்ஜெட்டில் அதற்கு ஒரு பைசா வேண்டாம்.

வாசலில் நிற்கும் அந்தப் பையனுக்காக அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தெருவைக் கேட்பதன் பின்னால் இருக்கும் சாதியோடு இந்த ஊரில் பழைய சண்டை உண்டு. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷன், 1840களிலேயே சாதியை விடாதவர்களோடு கடுமையாக மல்லுக்கு நின்றது. சேர்ந்து உட்கார்ந்து உண்பதையே அதற்குச் சோதனையாக வைத்தது. காளவாசலுக்கு அடுத்தே இருக்கிறது பெத்தானியாபுரம். பெத்தானியா என்பது வேதத்தில் மார்த்தாளும் மரியாளும் இயேசுவைத் தங்கள் வீட்டில் ஏற்றுக்கொண்ட ஊர். அந்தப் பெரியவர் ஊரைக் கேட்டாயிற்று, அப்பா பெயரைக் கேட்டாயிற்று. மூன்றாவதாக அவர் கேட்க வேண்டியது, "மத்தியானம் எங்கப்பா சாப்பாடு?" என்பதுதான். ஹாஸ்டல் மெஸ் என்றால், "வா, வீட்டுக்குப் போவோம்." கறிக்குழம்போ ரசமோ இருப்பது போதும். வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கிற அதே தட்டு, அதே பந்தி.