பார்த்த பின் பேசுவோம்



யந்திரம் ஒன்று பழுதானால் முதலில் தேடவேண்டியது பழுதையா, பழிசுமக்க ஓர் ஆளையா?

தூசி உறிஞ்சும் வாக்வம் கிளீனர் இன்று நம் வீடுகள் சிலவற்றிலும் உண்டு. ஒரு நாள் அது தூசியை இழுக்க மறுக்கிறது. உடனே, "வேலைக்காரம்மா கெடுத்துவிட்டாள்" என்று தீர்ப்பாகிறது. அதோடு நில்லாமல், அந்த ஏழையின் சம்பளத்திலும் கைவைக்கிறவர்கள் உண்டு. இது நியாயமாகுமா?

இக்கருவியின் பிறப்பைக் கேளுங்கள். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்துக் காண்டன் நகரில், ஜேம்ஸ் ஸ்பாங்ளர் என்பவர் ஒரு கடையில் பெருக்கும் வேலை பார்த்தார். ஆஸ்துமா நோயாளியான அவருக்குத் தூசி மூச்சை அடைத்தது. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கழி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்துத் தாமே ஒரு கருவி செய்து, 1908-இல் காப்புரிமை பெற்றார். அதை வாங்கித் தொழிலாக வளர்த்த ஹூவர், குதிரைச் சேணமும் தோல் சாமான்களும் செய்து வந்தவர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது இனிக்கும் செய்தி. பெருக்குகிற ஒருவர் தம் மூச்சைக் காத்துக்கொள்ளச் செய்த கருவியைக் காட்டியே, பெருக்குகிற ஒருத்தியைக் குற்றவாளியாக்கலாமா?

ஆதலின் முதலில் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசிப் பையைத் திறவுங்கள், நிரம்பியிருக்கலாம். வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். கழுவக்கூடிய வகையானால் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பின்னரே மாட்டுங்கள். குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால், அடைத்திருக்கும் துணியோ காகிதமோ தெரியும். குழாயில் கீறல் இருந்தால் காற்று அவ்வழியே போய்விடும். யந்திரம் ஓடவே இல்லையா? அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நின்றதானால், சூட்டினால் தானாக நின்றிருக்கலாம், நன்றாக ஆறவிடுங்கள்.

ஏன் சூடேறுகிறது? பல யந்திரங்களில், உறிஞ்சும் காற்றே மோட்டாரையும் குளிர்விக்கிறது. பை நிரம்பினால் இழுப்பும் குறையும், சூடும் ஏறும். புதுப் பை வாங்கித் தரவேண்டியது யார் பொறுப்பு? வீட்டுக்காரர் பொறுப்பல்லவா! தேடிப் போனால், பல வேளை குற்றம் நம் வாசலிலேயே வந்து நிற்கும்.

கருகிய நாற்றம், தீப்பொறி, அறுந்த ஒயர் என்றால் நீங்கள் கைவைக்கவேண்டாம். கியாரண்டிக் காலத்திலும் மோட்டாரைத் திறக்கவேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் உழைப்புக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.

உண்மையிலேயே அவர் கைதவறிக் கீழே போட்டிருந்தால்? தேய்மானமும் கைத்தவறும் வேலையோடு கூடப் பிறந்தவை. நம் பிள்ளை போட்டு உடைத்தால் என்ன செய்வோமோ, அதையே செய்வோம்.

பத்துக் கற்பனைகளில் எட்டாவது, நீதிமன்றத்துச் சாட்சிக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று; அடுப்பங்கரைக்கும் உரியது. ஆராயாமல் ஏற்கெனவே பழி சொல்லியிருந்தால், யார் காதுபடச் சொன்னோமோ அவர்கள் காதுபடவே அதைத் திரும்பப் பெறவேண்டும். பிடித்த கூலியையும் கொடுத்துவிடவேண்டும். அடைத்த குழாயைத் திறக்கப் பத்து நிமிடம் போதும். வேலையிழந்து, கெட்ட பேரோடு போன ஒருத்தி அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட எத்தனை நாள் ஆகுமோ!