போச்சு, எல்லாம் போச்சு!

2024 ஜூலை 26. பாரிஸில் ஒலிம்பிக் தொடக்க விழா. சேன் நதிக்கரையில் கும்மட்டம் வைத்த ஒரு பழைய கட்டடம். அதன் வாசலிலிருந்து தங்க நிற உடையில் ஒரு பாடகி பாடிக்கொண்டே வெளியே வருகிறார். குடியரசுக் காவல்படையின் வாத்தியக் குழு, சீருடை சகிதம் அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறது.

பாடகியின் பெயர் ஆயா நாகமுரா. பெயரைப் பார்த்துப் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், அன்றைக்கு அவருக்கு வயது 29. மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோவில் பிறந்து, பாரிஸின் புறநகரில் வளர்ந்தவர். பிரெஞ்சில் பாடுகிறவர்களில் உலகம் முழுக்க மிக அதிகம் பேர் கேட்கிறவர்களில் இவரும் ஒருவர்.

அவர் வெளியே வந்தாரே, அந்தக் கட்டடம்தான் விஷயம். பிரெஞ்சு அகாடமி இருக்கிற இடம் அது. 1635-ல் கார்டினல் ரிஷலியூ ஆரம்பித்தது. பிரெஞ்சு மொழியைக் காப்பதுதான் வேலை. 40 உறுப்பினர்கள். அவர்களுக்கு 'அமரர்கள்' என்று பெயர். (நம்ம ஊரில் அமரர் என்றால் மாலை போட்ட போட்டோ. அங்கே சாகாவரம் பெற்றவர் என்று அர்த்தம்.)

அவர் பாடப்போகிறார் என்று சில மாதங்களுக்கு முன்பே செய்தி கசிந்தது. உடனே ரகளை. 'அவர் பாடுவது பிரெஞ்சே இல்லை' என்றார்கள். அவர் பாட்டில் புறநகர்ப் பையன்களின் கொச்சையும் ஆப்பிரிக்கச் சொற்களும் ஆங்கிலமும் கலந்து வரும். சேன் கரையில் சிலர் பேனரே பிடித்தார்கள்: 'இது பாரிஸ், பமாக்கோ சந்தை இல்லை!'

ஆக, கேள்வி இது. ஒரு தேசத்தின் பெருமை யாருடைய சொத்து? 'போச்சு, எல்லாம் போச்சு' என்று அழுகிறவரின் துக்கத்தில் எவ்வளவு நிஜம்?

முதலில் ஒரு சமாதானம். பிரான்ஸில் இந்த அழுகை புதுசே இல்லை. 1549-லேயே ழோவாக்கிம் து பெல்லே என்ற கவிஞர், லத்தீனுக்கும் இத்தாலியனுக்கும் முன்னால் பிரெஞ்சு தலைநிமிர வேண்டும் என்று ஒரு புத்தகம் போட்டார். 1578-ல் ஆன்றி எத்தியேன் என்ற அறிஞர், அரண்மனைக்காரர்கள் இத்தாலியச் சொற்களைக் கலந்து பேசி பிரெஞ்சைக் கெடுக்கிறார்கள் என்று எழுதினார். 1964-ல் எத்தியாம்பிள் என்ற பேராசிரியர், 'பிரெஞ்சையும் இங்கிலீஷையும் கலந்தடிக்கிறீர்களே' என்று சீறினார். வில்லன் மட்டும் மாறுகிறான். நானூறு சொச்சம் வருடமாகச் செத்துக்கொண்டே இருக்கிற மொழி இன்னும் திடகாத்திரமாக இருக்கிறது!

சட்டமும் போட்டுப் பார்த்தார்கள். 1994-ல் கலாசார அமைச்சர் ழாக் தூபோன் கொண்டுவந்த சட்டப்படி விளம்பரம், ஒப்பந்தம், பொருளோடு வரும் குறிப்பு எல்லாம் பிரெஞ்சில் இருக்க வேண்டும். குறும்புக்காரர்கள் அவர் பெயரையே ஆங்கிலப்படுத்தி 'மிஸ்டர் ஆல்குட்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இ-மெயிலுக்கு 2003-ல் 'கூரியெல்' என்று அரசே ஒரு சொல்லை அறிவித்தது. அரசாங்கக் காகிதத்தில் அது இருக்கிறது. ஆபீஸில் பாதிப் பேர் 'மெயில்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் 1955-ல் நடந்தது வேறு கதை. ஐ.பி.எம். கம்பெனியின் பிரான்ஸ் கிளை, கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியரைக் கேட்டது. உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கிற ஒரு பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார் அவர்: 'ஒர்தினாத்தர்'. இன்றைக்கு பிரான்ஸில் சின்னக் குழந்தைகூட அதைத்தான் சொல்கிறது. அபராதம் கிடையாது, சட்டம் கிடையாது. சொல் நன்றாக இருந்தது, சாமான் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இன்னொரு வேடிக்கை. 1994-ல் வந்த இன்னொரு சட்டம், வானொலிகள் ஒலிபரப்பும் பாட்டுகளில் குறைந்தது 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டாக இருக்க வேண்டும் என்றது. 1996 முதல் அமல். இளைஞர்களுக்கான எஃப்.எம். நிலையங்கள் பிரெஞ்சுப் பாட்டுக்கு எங்கே போகும்? புறநகர்களில் அரபு, ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சில் ராப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதை எடுத்துப் போட்டார்கள். பிய்த்துக்கொண்டு போனது. பிரெஞ்சைக் காப்பாற்றப் போட்ட சட்டம், 'பிரெஞ்சைக் கெடுக்கிறார்கள்' என்று சிலர் முகம் சுளித்த பிள்ளைகளுக்குத்தான் கதவைத் திறந்துவிட்டது!

சரி, அப்படியானால் வீழ்ச்சி என்பதெல்லாம் வெறும் பிரமையா? அப்படிச் சொன்னால் அது அநியாயம்.

1960 வாக்கில் பிரான்ஸில் சுமார் 2 லட்சம் கஃபேக்கள் இருந்தன. இன்றைக்கு 40,000-க்கும் குறைவு. கிராமத்தில் கஃபே மூடினால், காலையில் நாலு பேர் முகத்தைப் பார்க்கிற இடம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் தபால் ஆபீஸ் போகும், பள்ளிக்கூடம் போகும், கடைசியில் ரொட்டிக்கடை போகும். 2022-ல் பகெத் ரொட்டி யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. சந்தோஷம். ஆனால் அந்த ரொட்டியை வாங்கப் பத்து மைல் கார் ஓட்ட வேண்டிய கிழவருக்கு யுனெஸ்கோ என்ன செய்யும்? அவர் 'எல்லாம் போச்சு' என்றால், அது பிரமை கிடையாது. நிஜமாகவே போய்விட்டது.

துக்கம் சரி. விலாசம்தான் தப்பு.

கஃபேயை மூடியது யார்? கார், டி.வி., நகரத்துக்குப் போன வேலைகள், ஊருக்கு வெளியே வந்த சூப்பர் மார்க்கெட். பமாக்கோவிலிருந்து வந்த குடும்பம் இல்லை. 1999-ல் மியோ என்ற ஊரில், கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸ் கடையை விவசாயிகள் பிரித்துப் போட்டார்கள். ரொக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு அமெரிக்கா 100 சதவீத வரி போட்ட கோபம். தலைமை தாங்கிய ழோசே போவே நாட்டுக்கே ஹீரோ ஆனார். கோபத்தில் நியாயம் இருந்தது. இன்றைக்கு பிரான்ஸில் அந்தக் கம்பெனிக்கு 1,500-க்கும் மேல் கடைகள். வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவது யார்? பிரெஞ்சுக்காரர்கள்தான்!

இதைவிட வலிக்கிற கணக்கு ஒன்று உண்டு. பிரான்ஸின் மேற்கு மூலையில் பிரெத்தோன் என்று ஒரு மொழி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் பேசினார்கள். இப்போது ஒரு லட்சத்துச் சொச்சம், அதிலும் பெரும்பாலோர் வயதானவர்கள். அதை எந்த அந்நியனும் அழிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசுகிற பையன் கழுத்தில் ஒரு மரச்செருப்பைத் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் பேசி மாட்டுகிறானோ, அவன் கழுத்துக்கு அது மாறும். சாயந்திரம் யார் கழுத்தில் இருக்கிறதோ, அவனுக்குத் தண்டனை. 'ஒரே நாடு, ஒரே மொழி' என்ற பெருமிதம் செய்த வேலை இது. 'எங்கள் மொழி போகிறதே' என்று அழுகிற தேசம், தன் வீட்டுக்குள்ளேயே ஒரு பாட்டியின் மொழியைப் பேரனிடமிருந்து பிடுங்கியிருக்கிறது. இந்த வரவு செலவையும் சேர்த்துத்தான் பெருமையை எழுத வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். தத்துவம் கணக்குப் புத்தகத்திலும் கிடைக்கும் என்று நம்புகிறவன். கணக்கில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் 'நற்பெயர்'. நாற்பது வருடமாக நல்ல பேரோடு நடக்கிற கடை. முதலாளி தானே உட்கார்ந்துகொண்டு 'என் நற்பெயர் பத்துக் கோடி' என்று ஐந்தொகையில் எழுதிக்கொள்ள முடியுமா? முடியாது. வெளியாள் ஒருத்தர் வந்து, கட்டடம், சரக்கு எல்லாவற்றின் மதிப்புக்கும் மேலே காசு கொடுத்துக் கடையை வாங்கும்போதுதான் நற்பெயர் கணக்கில் ஏறும். அதுவும் வாங்கினவர் புத்தகத்தில்!

தேசப் பெருமையும் கிட்டத்தட்ட இப்படித்தான். உலகத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் 2022 கணக்குப்படி சுமார் 32 கோடி பேர். தினமும் பிரெஞ்சைப் புழங்குகிறவர்களில் பாதிக்கும் மேல் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே பிரெஞ்சு துப்பாக்கியோடு போனது. அதை மறைக்க வேண்டாம். துப்பாக்கி திரும்பின பிறகும் மொழி தங்கியது. பேசுகிறவர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண் பாடிய 'ஜாஜா' என்ற பாட்டு, 2018-ல் நெதர்லாந்தில் முதலிடம் பிடித்தது. 1961-ல் எடித் பியாஃப்புக்குப் பிறகு, பிரெஞ்சில் பாடி அங்கே அந்த இடத்தைப் பிடித்த பெண் அவர்தான்.

நற்பெயரைத் திரும்பவும் எடுத்துக்கொள்ள முடியும். 2023-ல் மாலி தன் புதிய அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி இடத்திலிருந்து பிரெஞ்சை இறக்கிவிட்டது. 2025 மார்ச்சில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் பிரெஞ்சு பேசும் நாடுகளின் கூட்டமைப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தன. ராணுவ ஆட்சிகளின் அரசியல் அதில் நிறைய இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். 'இது பமாக்கோ சந்தை இல்லை' என்று பேனர் பிடித்தவர், பிரெஞ்சின் பெரிய வாடிக்கையாளரைத்தான் கடையை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்.

புலம்பலும் ஒரு வியாபாரம்தான். 2014-ல் எரிக் செமூர் என்ற பத்திரிகையாளர் 'பிரெஞ்சுத் தற்கொலை' என்று புத்தகம் போட்டார். அமோக விற்பனை. 2022-ல் அதிபர் தேர்தலில் நின்று 7 சதவீத ஓட்டும் வாங்கினார். 'உன் துக்கத்துக்குக் காரணம் அதோ, அவன்' என்று கையைக் காட்டுவது சுலபம். கஃபேயைத் திறந்து வைத்துத் தினமும் கல்லாவில் உட்காருவது கஷ்டம்.

அப்படிக் கஷ்டப்பட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. 1997-ல் பர்கண்டி பகுதியில் கெதலோன் என்ற இடத்தில் சிலர் ஒரு கோட்டை கட்ட ஆரம்பித்தார்கள். 13-ம் நூற்றாண்டு முறைப்படி மட்டும். கையால் உடைத்த கல், கோடரியால் செதுக்கிய மரம், குதிரை வண்டி. வருகிறவர்கள் வாங்கும் டிக்கெட் காசில் வேலை நடக்கும். கிரேன் கிடைக்கிற காலத்தில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2019 ஏப்ரல் 15. பாரிஸில் நோத்ர தாம் பேராலயம் எரிந்தது. நூற்றுக்கணக்கான வருடங்கள் பழைய ஓக் மரக் கூரைச் சட்டம் சாம்பல். 'ஐரோப்பியக் கலாசாரமே எரிகிறது' என்று ஒப்பாரி வைத்தவர்கள் ஏராளம். ஆனால் கூரையைப் பழையபடியே மரத்தில் கட்டுவது என்று முடிவானபோது, கோடரியால் உத்தரம் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். வந்தவர்களில் கெதலோனில் தொழில் பழகினவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டுத் தச்சர்களும் இருந்தார்கள். பணம் சுமார் 150 நாடுகளிலிருந்து வந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது.

கோடரி பிடித்தவர்கள் 'நம்ம பழைய பெருமை போச்சே' என்று அழவில்லை. இருபது வருடம் முன்பே உளியை எடுத்து, தெரியாததைக் கற்றுக்கொண்டு, அடுத்தவனுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். கற்க வந்தவனிடம், 'உன் தாத்தா எந்த ஊர்?' என்பதைவிட 'உளி பிடிப்பாயா?' என்ற கேள்விதானே அங்கே முக்கியம்?

அன்று ஆயா நாகமுரா தன் பாட்டுகளோடு ஷார்ல் அஸ்னவூரின் பாட்டையும் சேர்த்துப் பாடினார். அஸ்னவூர் யார்? அகதிகளாக வந்த ஆர்மீனியத் தம்பதியின் பிள்ளை. ஆரம்ப காலத்தில் 'இதெல்லாம் ஒரு குரலா?' என்று விமர்சகர்கள் கிண்டல் செய்த ஆள். 2018-ல் அவர் இறந்தபோது தேசமே எழுந்து நின்று அஞ்சலி செய்தது. நேற்றைய வெளியாள்தான் இன்றைய பாரம்பரியம்.

அதனால், யாராவது 'எல்லாம் போச்சு' என்று ஆரம்பித்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள். போனது என்ன என்று கேளுங்கள். நிஜமாகவே ஏதோ போயிருக்கும். அப்புறம் இரண்டு கேள்வி கேளுங்கள். 'அதைக் காப்பாற்ற நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைக் கற்றுக்கொள்ள வருகிறவனுக்கு வாசலைத் திறப்பீர்களா?'

முதல் கேள்விக்கு பதில் சொல்லத் தடுமாறினால் பரவாயில்லை, நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். இரண்டாவது கேள்விக்குக் கதவைச் சாத்துகிறாரா, அவர் அழுவது கலாசாரத்துக்காக இல்லை.