தருமத்தின் கணக்கு யாருக்கு?

திருகோணமலைத் துறைமுகத்தில் அளந்து எழுதப்படாமல் எதுவும் கரையேறுவதில்லை. சீனக்குடாவிலுள்ள பிறீமா ஆலைக்கு வரும் கோதுமையாயினும், சீமெந்து ஆலைக்கு வரும் மூலப்பொருளாயினும், இத்தனை தொன் இறங்கிற்று என்று எழுதிக் கையொப்பம் வைத்த பின்னரே கப்பல் நங்கூரம் தூக்கும். ஒரு மூட்டை குறைந்தால் சுமைகூலிக்காரனின் மடியைத் தடவிப் பார்க்கும் உலகம் இது. ஆயினும், இத்துறைமுகத்தைச் சூழ்ந்த கரைகளுக்கு 2004 டிசம்பர் 26 ஆம் நாளின் பின்னர் வந்து சேர்ந்த ஒரு சரக்கின் அளவை மட்டும் அக்கரையில் நின்றவர்களிடம் எவரும் கூறவில்லை. உலகம் அனுப்பிய தருமமே அது.

அன்று எழுந்த ஆழிப்பேரலை இலங்கைத் தீவில் முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. கிண்ணியாவில் நோயாளர் படுத்திருந்த மருத்துவமனையே அழிந்தது. மூதூரிலும் நிலாவெளியிலும் புல்மோட்டையிலும் வள்ளமும் வலையும் வீடும் ஒரே காலையில் இல்லையாயின. உலகம் கண்ணீர் விட்டது. கண்ணீரோடு நில்லாமல் கையையும் நீட்டியது. அலை தீண்டிய நாடுகள் அனைத்துக்குமாகத் திரண்ட தொகை ஏறத்தாழ 1,350 கோடி டொலர் என்று பின்னர் நடந்த பன்னாட்டு மதிப்பீடு கூறிற்று. பாதிக்கப்பட்டவர் ஒருவருக்கு 7,100 டொலர் என்ற கணக்கு அது. அதே 2004 இல் வங்கதேச வெள்ளத்தில் மூழ்கியவனுக்குக் கிடைத்ததோ தலைக்கு 3 டொலர். மனிதாபிமானத்துக்கும் சந்தை நிலவரம் உண்டு போலும்!

அந்த மதிப்பீடே மற்றோர் உண்மையையும் ஒப்புக்கொண்டது. நிறுவனங்கள் கொடையாளிக்குக் காட்டிய அக்கறையை, எவருக்காகக் கொடை திரட்டப்பட்டதோ அவர்களுக்குக் காட்டவில்லை. அறிக்கைகள் அழகிய தாளில் அச்சாகிக் கடல் கடந்து சென்றன. இங்கோ, சிறு வள்ளங்கள் தேவைக்கு மேல் குவிந்தன; அவற்றிற் சில கடலுக்கு ஆகாதவை. வள்ளத்தின் முன்னால் நிறுத்திப் படம் எடுக்கப்பட்ட மீனவனுக்கு அதன் விலை தெரியாது. அவன் பெயரால் எவ்வளவு வசூலாயிற்று என்பதும் தெரியாது.

கேட்டால் என்ன என்கிறீர்களா? கேட்பதற்கு நமது சமுதாயம் ஒரு தடையை விதித்து வைத்திருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது அத்தடை. வாங்கினவன் வாயை மூடவேண்டும், கேட்பது நன்றிகேடு. ‘வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியலாகாது’ என்று தருமத்துக்கு மறைவையே அணியாகவும் பூட்டியிருக்கிறோம்.

இங்கேதான் ஒரு மயக்கம் நுழைந்துவிடுகிறது. மறைவாகக் கொடுத்தல் என்னும் பண்பு கொடுப்பவனுக்கு உரியது. தன் கைப்பொருளைத் தருபவன் எவருக்கும் சொல்லாமல் தரட்டும், போற்றுவோம். தரும நிறுவனமோ கொடுப்பவன் அன்று. ஒருவன் பொருளை வாங்கி மற்றொருவனிடம் சேர்க்கும் தூக்குகூலி அது. தூக்கிச் செல்பவன் ‘மறைவு எனது அறம்’ என்று கூறினால் அது தருமமாகுமா? இன்னொன்று. நூறு ரூபாய் ‘மூதூர் மீனவனுக்காக’ என்று சொல்லி வாங்கப்பட்ட கணத்திலேயே அம்மீனவனுக்கு அதன்மேல் ஒரு பாத்தியதை பிறந்துவிடுகிறது. அவன் மாட்டின் பல்லைப் பார்க்கவில்லை; தன் பெயரைச் சொல்லி எத்தனை மாடு பிடித்தார்கள் என்றுதான் கேட்கிறான்.

இதை நமது முன்னோர் அறியாதவர் அல்லர். சோழர் காலத்தில் கோணமாமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் ஒதுக்கப்பட்ட செய்தி நிலாவெளியிற் கிடைத்த கல்வெட்டிலே இருக்கிறது. அறக்கொடை வழிப்போக்கனும் காணும் கல்லில் ஏறிற்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனம் இன்னும் கடுமையானது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயர் மறுபடி குடவோலையில் ஏறக்கூடாது; அவனது நெருங்கிய உறவினர் பெயரும் ஏறக்கூடாது. அச்சபை பிராமண நிலவுடைமையாளரின் சபை என்பதையும், உழுதவனுக்கு அதில் இடமில்லை என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும் அவர்கள் தமக்குள்ளே கடைப்பிடித்த கட்டுப்பாட்டையேனும் நாம் இன்று உழுபவனுக்கும் வலை வீசுபவனுக்கும் பொதுவாக்கினோமா?

நம்மவர் கதையைப் பேசாமல் பிறரைக் குறைகூறுவது நேர்மையாகாது. அகதிகளின் துயர் துடைக்க 1985 இல் தோன்றிய தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்குப் புலம்பெயர்ந்த தமிழர் மனமுவந்து கொடுத்தனர். பனியில் நின்று உழைத்த காசு அது. பிரித்தானியாவில் அறக்கொடை ஆணைக்குழு 2000 இல் அதன் கிளைமீது விசாரணை தொடங்கிற்று. இலங்கையில் பணம் எவ்வாறு செலவாயிற்று என்பதற்குப் பொறுப்பாளர்கள் போதிய கணக்குக் காட்டவில்லை என்று கண்டது; 2005 இல் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. 2006 இல் இலங்கை மத்திய வங்கி கழகத்தின் கணக்குகளை முடக்கியது. போருக்கு நிதி திரட்டுவதாகக் குற்றஞ்சாட்டி 2007 இல் அமெரிக்காவும் சொத்துக்களை முடக்கிற்று. அக்குற்றச்சாட்டைக் கழகம் மறுத்தது. அவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் முயலவில்லை. நம்மை உறுத்துவது வேறு. அத்தனை ஆண்டுகளில், கொடுத்த தமிழரும் பெற்ற தமிழரும் ஏன் கேட்கவில்லை? கேட்டால் துரோகி என்ற சொல் காத்திருந்தது, வாய் அடைத்தது. நண்பன் கேட்காத கணக்கைக் கடைசியில் எதிரி கேட்டான். எதிரி கேட்கும்போது கணக்கோடு கஞ்சிப் பானையையும் எடுத்துக்கொண்டு போகிறான்.

அரசு கேட்பது மக்கள் கேட்பதாகிவிடும் என்று எண்ணுவோர் 1990 ஐ நினைத்துப் பார்க்கவேண்டும். பிரேமதாச அரசு அவ்வாண்டு நியமித்த விசாரணைக்குழு தன்னார்வ நிறுவனங்களின் கணக்கைத் துருவியபோது, அதன் இலக்காகத் தவித்தது சர்வோதய இயக்கம். பின்னாளில் இந்நிறுவனங்களைப் பதியும் செயலகம் சில காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழேயே இருந்தது. கணக்குப் புத்தகத்துக்குத் துப்பாக்கி காவலாம்! அரசாளுவோர் தம் கணக்கை எப்படி வைத்தனர்? ‘அம்பாந்தோட்டைக்கு உதவி’ என்ற பெயருடைய கணக்குக்கு 8 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட நிவாரணப் பணம் சென்றது பற்றி 2005 இல் எழுந்த பொலிஸ் விசாரணையை 2006 இல் உயர் நீதிமன்றம் நிறுத்திற்று. அத்தீர்ப்புக்காக அந்நாளைய பிரதம நீதியரசரே 2014 இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இன்று ஒரு சிறு வாசல் திறந்திருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசிடமிருந்தோ பிறநாட்டு அரசு, பன்னாட்டு அமைப்பு ஆகியவற்றிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுச்சேவை செய்யும் தன்னார்வ நிறுவனத்தையும் அச்சேவை தொடர்பில் விடைகூறக் கடமைப்படுத்துகிறது. காரணம் சொல்லவேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்டாலும் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாளுக்குள் முடிவு கூறவேண்டும். கிண்ணியாவின் கைம்பெண் ஒருத்தி கேட்கலாம். ஆயினும் உறவினரும் ஊர்ச்சங்கங்களும் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் தனியார் பணத்தை இச்சட்டத்தின் கை எட்டாது. நமது கிராமங்களில் முன்பள்ளியும் வாசிகசாலையும் கோயிற் கோபுரமும் எழுவது பெரிதும் அப்பணத்தினாலேயே.

அதற்கு நாம் வேண்டுவது மிகச் சிறியது. வந்தது இவ்வளவு, வள்ளத்துக்கு இவ்வளவு, அலுவலகத்துக்கு இவ்வளவு, வாகனத்துக்கு இவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் சுவரில் ஒட்டட்டும். வறியவரின் மானம் என்னாவது என்று சிலர் கேட்பர். பெற்றவர் பெயரை எழுதவேண்டாம்; தொகையை எழுதினாற் போதும். இக்கரை மக்களுக்கு இது புதிய வழக்கமும் அன்று. கரைவலை இழுத்து மடி மணலில் ஏறியதும், முதலாளியின் பங்கும் இழுத்தவர் பங்கும் அத்தனை பேர் கண் முன்னாலேதான் பிரிக்கப்படுகின்றன.