நிழல்தாங்கலில் யாருக்கு நிழல்?
அய்யா துணை.

உச்சிப்படிப்பு முடிந்து தர்மம் வாங்கிச் சாப்பிட வருகிறவர்களில் வீடில்லாதவர்களும் உண்டு. பசி ஆறிவிடும். இரவு? கடைத்திண்ணையில் படுத்தால் விரட்டுவார்கள். கண்ணயர்ந்தால் பை போய்விடும்; அதோடு ஆதார் அட்டையும் போய்விடும். பெண்கள் விடியும்வரை உட்கார்ந்தே இருப்பார்கள். குளிக்கத் தண்ணீர் கிடையாது. அழுக்குத்துணியைப் பார்த்து வேலையும் கொடுக்கமாட்டார்கள்.

துவையல் தவசுக்குப் போன 700 குடும்பங்களும் தினம் குளித்து, துணி துவைத்து மானத்தோடு வாழ அய்யா வழிகாட்டினார். முத்திரிக்கிணற்றை எல்லாச் சாதிக்கும் பொதுவாக்கினார்.

நம் தாங்கலிலும் தண்ணீர் உண்டு, திண்ணை உண்டு. சோற்றோடு ஒரு வாளித் தண்ணீரும், துணி துவைக்க ஒரு கல்லும், பை வைக்க ஒரு மூலையும் கொடுப்போம். பணிவிடை முடிந்து நடை சாத்தும்போது திண்ணையில் படுத்திருப்பவரை எழுப்பாதிருப்போம். அதுவும் தர்மமே.

அய்யா உண்டு.